ஊசி ஒடிந்ததைச் சொன்னவர்

ஒரு பெண்மணி செய்யாத தவறை, அவர் செய்யவில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அவர் தலையில் கட்டினேன். அப்போது எனக்கு அறுபத்தைந்து வயது. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எம்.எஸ்ஸி. படித்தவன். முப்பத்திரண்டு வருடம் பேண்டேஜ் துணி ஆலையில் தரம் பார்த்தவன். எது குறை, அது யார் கையால் வந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. அதே தரம் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டுதான் இதைச் செய்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டியதே போதும்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கச் சேர்ந்தேன். வெளிநாட்டில் பண்டிகைக்குப் பண்டிகை வீட்டில் தொங்கவிடுகிற அலங்காரப் பொம்மைகள்தான் சரக்கு. அதில் அதிகம் போனது குரோஷாவில் பின்னிய பூனை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அக்டோபர் கடைசியில் அங்கே பேய் வேடம் போடுகிற பண்டிகை ஒன்று வருமாம், அதற்குக் கறுப்புப் பூனை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளைப் பூனை, தலையில் சிவப்புக் குல்லா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெருவைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தே இவற்றைப் பின்னிக் கொடுத்தார்கள். அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

நான் முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோது "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். உதடு மட்டும் அசைந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. அந்தச் சுற்று முடிந்ததும் குரோஷா ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "வாங்க சார், எண்ணிக்கிட்டு இருந்தேன். நடுவுல பேசுனா ஒண்ணு கூடிப்போகும்" என்றார். யார் வந்தாலும் அந்த விரல்தான் முதலில். புருஷன் சோறு கேட்டாலும் விரல். ஒரு நாள் ஓட்டுக் கேட்டு வந்த கூட்டமே அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று அவர் செய்துவைத்திருந்த மாதிரிப் பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடப் போனேன்.

"இருங்க சார். இதுல ஒரு கண்ணு ஒரு தையல் கீழ எறங்கிருக்கு."

எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்று சொல்லிக்கொண்டே பிரித்துவிட்டார்.

இதுதான் அவர். தன் கையில் வந்த குறையை, அடுத்தவர் கண்ணில் படுவதற்கு முன் தானே எடுத்து நடுவில் வைத்துவிடுவார். நேர்மை என்று நாம் சொல்கிற பெரிய வார்த்தைக்கு அவர் அதைச் செய்யவில்லை. அப்படிச் செய்யாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். "மறைச்சுக் குடுத்தா அது அங்க போய்ப் பிரியும் சார்" என்பார். நூலுக்கும் அதைத்தான் சொன்னார், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்.

அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த கதையைத் தெருவே சொல்லும். நானும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் சேத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். கேசரியும் காப்பியும் கொடுத்தாயிற்று. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுத்துவிட்டார். அப்போது இவர் முன்னால் வந்து, "செத்த நேரம் பொறுங்க. பிள்ளைக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துருக்கு. ஆறு வருஷமா இல்ல. டாக்டர் சீட்டு இருக்கு, பாத்துட்டுப் பூ வைங்க" என்றிருக்கிறார். வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்துவிட்டார்கள். அவர் கணவர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று ஊரே திட்டியது. ஐந்து மாதம் கழித்து வந்த இன்னொரு குடும்பத்திடமும் அதையே சொன்னார். அவர்கள் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுப் பூ வைத்தார்கள்.

அந்த எட்டுப் பேரும் ஒரு மகளிர் குழு. எதிர்வீட்டில் இருந்த செல்லத்தாய்தான் அதன் தலைவி. வாய்க்காரி. "ஏட்டி, கறுப்புப் பூனை குறுக்க போனா வெளிய கெளம்புனவன் வீட்டுக்குத் திரும்பிருவான். நாம நாளுக்குப் பத்து கறுப்புப் பூனைய மடியில போட்டு உக்காந்துருக்கோம். நமக்கு விடியுமா?" என்பாள்.

"குறுக்க போனாத்தானக்கா? மடியில உக்காந்தா ஒண்ணும் செய்யாது" என்பார் இவர், தலை நிமிராமல்.

அவர்களில் ஜெபமணிக்கு வேறு சந்தேகம். "எங்க கிறிஸ்துமஸ் குடில்ல மாடு உண்டு, ஆடு உண்டு, ஒட்டகம் உண்டு. இந்தப் பூனைக்கு யாரு சார் எடம் குடுத்தா?"

முடித்த பூனைகளைப் பால்கோவாக் கடையில் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைப்பார்கள். கம்பெனியில் பெட்டியைத் திறந்தால் பூனை மேலெல்லாம் பால் வாசனை அடிக்கும். அதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து ஒரு குறையும் வந்ததில்லை.

இனி ஊசி. பூனையின் உடம்பைக் குரோஷா ஊசியால் பின்னிவிடலாம், அது தடிமன், ஒடியாது. காதைப் பொருத்தவும் கண்ணும் மீசையும் வைக்கவும் தையல் ஊசிதான் வேண்டும். நெருக்கமான பின்னலுக்குள் குத்தி இழுக்கும்போது சில சமயம் நுனி ஒடியும். குழந்தைகள் எடுத்து விளையாடுகிற பொருள் என்பதால் இதற்குக் கண்டிப்பான விதி இருந்தது. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் கொண்டுவந்து கம்பெனியில் கொடுக்க வேண்டும். நான் அவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்தி, முழு ஊசியாக வருகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அன்று அந்தப் பெண் தைத்த அத்தனை பூனைகளையும் ஒதுக்கிவிட வேண்டும்.

விதி நல்ல விதிதான். ஆனால் எந்தப் பெண் ஒரு நாள் உழைப்பை ஒதுக்கிவைக்கச் சம்மதிப்பாள்? ஊசி ஒடிந்தால் கடைத்தெருவில் இன்னொன்று வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். இவர் ஒருவர்தான் குங்குமச் சிமிழில் இரண்டு துண்டையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ராஜபாளையம் வருவார். ஒன்றரை வருடத்தில் பதினோரு தடவை வந்தார். பதிவேட்டில் பதினோரு ஊசி ஒட்டியிருந்தது. பதினொன்றுக்கும் அவர் பெயர்தான். மற்ற ஏழு பேர் பெயரில் ஒன்றுகூட இல்லை. ஏழு பேர் ஒன்றரை வருடம் ஓர் ஊசியும் ஒடிக்காமல் தைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் வேலை.

ஒரு நாள் நான் போயிருந்தபோது அவர் வீட்டுத் தரை முழுவதும் பஞ்சாகக் கிடந்தது. ஊசி ஒடிந்து நுனியைக் காணோம். இரண்டு நாளாகப் பின்னி அன்று தைத்த இருபது பூனைகளையும் ஒவ்வொன்றாக வயிற்றைப் பிரித்துப் பஞ்சை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. வாசலில் நின்று செல்லத்தாய் சிரித்தாள்: "பாருங்க சார், ஒரு ஊசிக்காக இருபது பூனைய அறுக்கா!"

நானும் கடிந்துகொண்டேன். "என்னம்மா இது, தரையில் எங்கேயாவது விழுந்திருக்கும்."

"தரையில கெடந்தா என் கால்ல ஏறும் சார், பரவாயில்ல. பூனைக்குள்ள இருந்தா? பிள்ளைக வாயில வைக்கும்ல?"

பதினேழாவது பூனையில் கிடைத்தது. அந்த நுனியை விரலில் ஒட்டி எனக்குக் காட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாள் அவர் அதைச் சிமிழில் கொண்டுவந்தபோது பதிவேட்டில் ஒட்டினேன். ஒன்பதாவதோ பத்தாவதோ.

கம்பெனியில் ஊசியைக் கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று உண்டு. பெட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பூனையும் அதற்குள் போய் வர வேண்டும். அந்த வருடம் கிறிஸ்துமஸ் சரக்கு கிளம்புகிற சமயத்தில் மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவன் வர இரண்டு நாள் ஆகும் என்றான். தூத்துக்குடிக்குப் போகிற லாரி வாசலில் நின்றது. கப்பல் போய்விடும் என்று முதலாளி துடித்தார். மெஷினில் போகாத பெட்டிகளுக்குப் போனதாக நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒன்றரை வருடமாக ஒன்றும் அகப்படவில்லை, இப்போது என்ன அகப்படப் போகிறது என்று நினைத்தேன்.

தை மாதம் புகார் வந்தது. படமும் வந்தது. வெள்ளைப் பூனையின் காதுக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி நுனி. ஒரு குழந்தையின் விரலில் குத்தியிருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதடியில் ஒரு முடிச்சு தெரிந்தது. அவர் பூனையில் அந்த இடத்தில் முடிச்சு வராது. நூலை உடம்புக்குள்ளேயே நாலு தடவை ஓட்டி நிறுத்துவார். எட்டுப் பேரில் அப்படிச் செய்கிறவர் அவர் மட்டும்தான். ஆகவே அந்தப் பூனை அவருடையது அல்ல என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

முதலாளிக்கு என் மகன் வயது. "யாரு சார் இது? மெஷின்ல எப்படித் தப்புச்சு?" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். பதிவேட்டைத் திறந்து அவர் முன் வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர். அதன் மேல் விரலை வைத்தேன். "அடிக்கடி ஊசி ஒடிக்கிற கை இதுதான்" என்றேன்.

மறுநாள் முதலாளி என்னையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அந்தத் தெருவுக்கு இனி வேலை இல்லை என்றும், யாரால் இல்லை என்றும் சொன்னார். பதிவேட்டைப் பிரித்து அந்தப் பதினோரு ஊசியையும் எல்லோருக்கும் காட்டினார்.

அவர் முதலாளியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. படத்துல இருக்கிறது எம் பூனையா? உங்களுக்குத் தெரியும்ல?"

"ரெஜிஸ்டர்ல உங்க பேர்தானேம்மா இருக்கு" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை எனக்குள் திருத்திப் பார்த்துவிட்டேன். அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அப்படிப் பார்த்துப் பொறுக்கித்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கம்பெனிக்கு வந்துபோகிறவர்கள் சொல்லக் கேள்விப்பட்டேன். ஏழு வீட்டுக்கும் அவர் ஏறி இறங்கியிருக்கிறார். "அது எம் பூனை இல்லக்கா. நான் ஒடிச்ச ஊசி அம்புட்டும் முழுசா ஒட்டிருக்கு, போய்ப் பாருங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். "படிச்ச மனுஷன், வயசானவர், அவரு பொய்யா சொல்லுவாரு?" என்று கேட்டிருக்கிறாள் செல்லத்தாய். தெருவில் அவருக்கு ஊசிக்காரி என்று பெயர் விழுந்தது. கல்யாண வீட்டில் அவர் பக்கத்து இலையில் உட்கார ஆள் இல்லை. மகளின் மாமியார் வீட்டுக்கும் அந்தப் பேச்சு போனதாம். ஒரு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் அந்த வேலையை விட்டேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்த ஏழு வருடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எத்தனையோ தடவை போனேன். அந்தத் தெரு வழியாக மட்டும் போகவில்லை.

சென்ற ஆவணியில் ஒரு காதுகுத்து விசேஷத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சமையல் பக்கத்தில் காய் நறுக்குகிற பெண்களுக்கு நடுவே, கொஞ்சம் தள்ளி, அவர். தலை நரைத்திருந்தது. யாரோ ஒரு பெண்ணின் ரவிக்கைக் கொக்கி அறுந்துபோக, "யாருகிட்டயாவது ஊசி இருக்கா?" என்று குரல் வந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி உடனே, "அந்தா இருக்காளே, அவகிட்ட மட்டும் கேட்டுறாதீக. ஒடிச்சு உள்ள விட்டுருவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தன. எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை, கை நிற்கவில்லை.

இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் ஓடாதது, நான் போட்ட கையெழுத்து, காதடி முடிச்சு, தெரிந்தே சொன்னது. சொல்லி முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"முடிச்சப் பத்தி எங்கிட்டயே சொல்றீகளா சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்குத் தெரியாததா இதுல என்ன இருக்கு?"

"நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கம்மா. எதுவானாலும் செய்கிறேன்."

கும்பிட்ட என் கையைப் பார்த்தார். பிறகு, "எங்கிட்ட எதுக்கு வந்தீக? எங்க வச்சுச் சொன்னீகளோ அங்க போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்லத்தாய் வீட்டில் குழுக் கூட்டம். ஏழு பேரும் இருந்தார்கள். காற்றாடியை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று எழுந்து நின்று சொன்னேன். படிக்கும்போது பாடம் ஒப்பித்ததுபோல வரிசையாகச் சொன்னேன். ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யார், ஏன் அப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

"அப்ப நாங்க அவளப் பேசுன பேச்செல்லாம்?" என்றாள் செல்லத்தாய். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "எந்திரிங்கட்டி. போய் அவ கால்ல விழுவோம். எம்புட்டுப் பேசிருக்கோம் பாவி!"

ஏழு பேரும் தெருவைக் கடந்து போனார்கள். பின்னால் நான். சரியாகத்தான் நடக்கிறது என்று அந்த நாலு எட்டுக்குள் நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் ஒரு பாரம் இறங்குவதுபோலக்கூட இருந்தது.

அவர் வாசலுக்கு வந்தார்.

"ஆத்தா, எங்கள மன்னிச்சிரு" என்று செல்லத்தாய் அவர் கையைப் பிடித்தாள். "உம்மேல ஒரு தப்பும் இல்லையாமே. அந்தப் பூனை உன்னது இல்லையாம். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"சாரே வந்து சொல்லிட்டாகல்ல!"

அவர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஏழு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதத்தானக்கா நான் உங்க ஏழு வாசல்லயும் நின்னு சொன்னேன்" என்றார். "ஒரு வருஷம் சொன்னேன். இந்தா, இந்தச் செல்லத்தாக்கா வீட்டுப் படியில மழையில நின்னு சொன்னேன். எம் பேச்ச ஒருத்தி எடுக்கல. இவுக அன்னைக்கு வந்து நான்தான்னு சொன்னாக, ஆமான்னீக. இன்னைக்கு வந்து நான் இல்லன்னு சொல்றாக, ஆமாங்கீக. நாளைக்கு வந்து மாத்திச் சொன்னா?"

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டாக ஆத்தா" என்றாள் ஜெபமணி அவசரமாக.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க போங்க. என்னையப் பத்தி நல்லதும் சொல்ல வேணாம், கெட்டதும் சொல்ல வேணாம்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது. செல்லத்தாய் இரண்டு தடவை தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. பிறகு அந்த ஏழு பெண்களும், இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காக, ஒருவர் பின் ஒருவராக என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.